நாலு பாடம், நாலு குகை

"சார், பாதி விலைக்கு விட்டிருக்கான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். கட்டிடலாமா?" கடலூர் முதுநகரிலிருந்து நண்பர் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம், எனக்கு வரவில்லை. மூன்று வருட எரிச்சல் சேர்ந்து கிடக்கிறது.

அவர் கேட்பது, செவ்வியல் இலக்கியத்தையும் சிந்தனை வரலாற்றையும் நாலு வாரம், ஆறு வாரம் என்று சின்னச் சின்னப் பாடங்களாக நடத்தும் செயலியைப் பற்றி. பெயர் வேண்டாம். வீடியோ, வினாடி வினா, கடைசியில் ஒரு சான்றிதழ், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. ஓய்வு பெற்ற மாதம் சந்தா கட்டினேன். காலையில் வெள்ளிக் கடற்கரையில் நடக்கும்போது காதில் மாட்டிக்கொள்வேன். இதுவரை பதினொரு பாடம் முடித்திருக்கிறேன். அதில் நாலில், கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ தன் குரு சாக்ரடீஸைப் பேசவைத்து எழுதிய 'குடியரசு' வந்தது. நாலிலும் குகைதான் வந்தது.

கட்டிப்போடப்பட்டுச் சுவரையே பார்த்து உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், அவர்களுக்குப் பின்னால் நெருப்பு, சுவரில் ஆடும் நிழல்கள், அதையே நிஜம் என்று நம்பிக் கிடக்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது நடையை நிறுத்திவிட்டு மணலில் உட்கார்ந்தேவிட்டேன். இரண்டாவது தடவையும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது பாடம் அறிவைப் பற்றியது, அங்கேயும் குகை. நாலாவது சினிமாவும் தத்துவமும். அதில் குகை வராமல் இருக்குமா?

புத்தகம் பத்துப் பாகம். குகை வருவது ஏழாவதன் தொடக்கத்தில். அதற்கு முந்தைய ஆறு பாகங்களில் என்ன இருக்கிறது என்று நாலு பேராசிரியர்களில் ஒருவர்கூட நின்று சொல்லவில்லை. சிலப்பதிகாரம் நடத்துகிறேன் என்று வந்து நேராகத் 'தேரா மன்னா' என்று ஆரம்பிப்பது மாதிரி. புகார் இல்லை, இந்திர விழா இல்லை, கானல்வரி இல்லை. சிலம்பை உடைத்தாளா, முடிந்தது, அடுத்த வாரம் மணிமேகலை.

தமிழ் வசனவரி தனிக் கதை. இயந்திரம் மொழிபெயர்த்தது. என்றும் மாறாத மூல வடிவங்கள் என்று பிளேட்டோ சொல்வதை அது 'படிவங்கள்' என்று போடுகிறது. தாலுகா ஆபீசில் முப்பது வருடம் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். 'நன்மையின் படிவம்' என்று திரையில் ஓடியதும் பட்டா மாறுதலுக்கு நிற்கிற வரிசைதான் கண்ணில் வந்தது. எழுதிப் போட்டேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. படிவம் அப்படியே இருக்கிறது.

நாலாவது குகை முடிந்த அன்றைக்குக் கோபத்தில் முழுப் புத்தகத்தையும் இறக்கினேன். ஜோவெட்டின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு, குட்டன்பர்க் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. முதல் பக்கத்தைத் திறந்தால், சாக்ரடீஸ் திருவிழாவுக்குப் போயிருக்கிறார்!

இடம் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ். பெண்டிஸ் என்ற திரேஸ் நாட்டுத் தெய்வத்துக்கு அங்கே முதன்முதலாக விழா எடுக்கிறார்கள். கும்பிட்டுவிட்டு, ஊர்வலமும் பார்த்துவிட்டு, பிளேட்டோவின் சகோதரன் கிளாக்கனோடு ஊர் திரும்ப நடக்கிறார். பின்னாலிருந்து ஒரு பையன் மேலாடையைப் பிடித்து இழுத்து, எசமான் நிற்கச் சொன்னார் என்கிறான். எசமான் பொலமார்க்கஸ் கூட்டாளிகளோடு வந்து சேர்கிறான். நாங்கள் எத்தனை பேர் பார்த்தீரா, எங்களை ஜெயித்துவிட்டுப் போம், இல்லாவிட்டால் இங்கேயே இரும் என்று வம்பு பண்ணுகிறான். ராத்திரி குதிரை மேல் தீப்பந்த ஓட்டம் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்க்கலாம் என்று ஆசை வேறு காட்டுகிறார்கள்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரி பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, யாராவது தோள் துண்டைப் பிடித்து இழுத்து "எங்க கிளம்பிட்டீங்க, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போங்க" என்று நிறுத்தாத வருடம் எனக்கு இல்லை. அப்படித்தான் அந்தப் புத்தகம் ஆரம்பிக்கிறது.

வீட்டில் பொலமார்க்கஸின் அப்பா கெஃபலஸ், தலையில் மாலையோடு திண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உடம்பின் ஆசை வற்ற வற்றப் பேச்சின் மேல் ஆசை கூடுகிறது, நீ இங்கே அடிக்கடி வரக்கூடாதா என்று சாக்ரடீஸிடம் குறைப்பட்டுக்கொள்கிறார். நீதி என்றால் என்ன என்று பேச்சு இறுகியதும், பூசை வேலை இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே மகனிடம் விவாதத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுகிறார். எங்கள் தெருவில் இப்படி மூன்று பேர் இருக்கிறார்கள். என் மகனைக் கேட்டால் நாலு என்பான்.

நண்பனுக்கு நல்லது செய், எதிரிக்குக் கெடுதல் செய், அதுதான் நீதி என்பது பொலமார்க்கஸின் கட்சி. இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. பார்த்தது அதே செயலியில்தான், ஏதென்ஸ் நீதிமன்றப் பேச்சுகள் பற்றிய பாடத்தில். சிசிலித் தீவின் சிராக்யூஸிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், கேடயப் பட்டறை வைத்திருந்தவர்கள். கி.மு. 404-ல் முப்பது பேர் ஆட்சியைப் பிடித்து, பொலமார்க்கஸை விசாரணை இல்லாமல் நஞ்சு குடிக்க வைத்தார்கள். பிடிக்க வந்தவர்களில் ஒருவன் பொலமார்க்கஸ் மனைவியின் காதுத் தோட்டைக்கூட விடாமல் பிடுங்கிக்கொண்டான். தப்பிப் பிழைத்த தம்பி லிசியாஸ் பிறகு மன்றத்தில் ஏறி இதையெல்லாம் சொன்னார். சாக்ரடீஸுக்கு அதே நஞ்சு 399-ல் வந்தது. பிளேட்டோ அந்தப் புத்தகத்தை எழுதியது இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு. அந்த வீட்டுச் சாப்பாட்டு அழைப்பை முதலில் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

லிசியாஸின் பேச்சை முழுதாகப் படிக்க வைத்தது அந்தச் செயலிதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டு பாடத்துக்கும் நடுவே ஒரு கம்பிகூட இழுத்துவிடவில்லை.

பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் மாண்டேய்னின் ஒரு கட்டுரையைப் பற்றிய பாடமும் அருமை. 1562-ல் பிரான்சின் ரூவான் நகருக்கு வந்த பிரேசில் பழங்குடிகளிடம், எங்கள் நாட்டில் உங்களுக்கு எது வியப்பு என்று கேட்கிறார்கள். தாடி வைத்த பெரிய ஆட்கள் ஆயுதத்தோடு நின்று ஒரு சிறுவன் சொல்வதைக் கேட்கிறார்களே என்கிறார்கள். அப்போது ராஜாவுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று விஷயம் சொன்னார்கள், மூன்றாவது மறந்துவிட்டது, கஷ்டமாக இருக்கிறது என்று மாண்டேய்ன் எழுதுகிறார். அந்தக் கட்டுரையை ஒரு வாரம் முழுக்க, ஒரு வரி விடாமல் நடத்தினார்கள். சின்ன நூலுக்குச் சின்னப் பாடம் பொருந்துகிறது. பெரிய நூலைத்தான் அது கையும் காலுமாக வெட்டிப் போடுகிறது.

சரி, நண்பருக்குப் பதில். கட்டாதீர்கள் சார். வெ. சாமிநாத சர்மா பிளேட்டோவைத் தமிழிலேயே கொடுத்திருக்கிறார், அங்கே ஆரம்பியுங்கள். இதை நான் கோபத்தில் சொல்வதாக நினைத்தால் அதுவும் சரிதான். பத்து நாள் முன்னால் என் கணக்கிலிருந்து முழு விலையையும் எடுத்துத் தானாகப் புதுப்பித்துக்கொண்டது அந்தச் செயலி. பாதி விலைக்குக் கிடைத்திருந்தால் வேறு மாதிரிகூடச் சொல்லியிருப்பேன். மாண்டேய்ன் மட்டும் வேண்டுமென்றால் மஞ்சக்குப்பம் வாருங்கள், என் போனிலேயே பார்க்கலாம். ஆறு மணிக்கு மேல் வந்தால் சுண்டல் இருக்கும்.