மாயம் தீர்ந்த மறுநாள்: நான்கு கடைசிப் பாகங்கள்

ஒரு நீண்ட மாயக்கதைத் தொடரின் கடைசிப் பாகத்தில் வில்லன் தோற்பான் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் போர் எப்படி முடிந்தது என்பதை வைத்து அந்தப் பாகத்தை எடைபோட முடியாது. போர் முடிந்த மறுநாள் காலையில் நாயகன் எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று நான் பார்ப்பேன். ஐந்தாறு புத்தகங்கள் கூடவே வந்த பிள்ளை, புத்தகத்தை மூடியதும் தன் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தானே திரும்பப் போகிறது? அந்தச் சாதாரண வாழ்க்கையைக் கதை மதிக்கிறதா, மட்டமாக நினைக்கிறதா என்பது கடைசிப் பக்கங்களில் தெரிந்துவிடும். சி. எஸ். லூயிஸின் நார்னியா தொடரை முடிக்கும் ‘தி லாஸ்ட் பேட்டில்’ (1956), லாயிட் அலெக்சாண்டரின் ‘தி ஹை கிங்’ (1968), பிலிப் புல்மனின் ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ (2000), ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் தொடரை முடிக்கும் ‘டெத்லி ஹாலோஸ்’ (2007) ஆகிய நான்கையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். முடிவுகளைப் போட்டு உடைக்கப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லோரும் அறிந்ததிலிருந்து தொடங்குவோம். 2007 ஜூலை 21 அன்று வெளியான டெத்லி ஹாலோஸ், அமெரிக்காவில் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 83 லட்சம் பிரதிகள் விற்றது. அத்தனை எதிர்பார்ப்பையும் தாங்கிப் பிடிப்பது அதன் 34ஆவது அத்தியாயம். தான் செத்தாக வேண்டும் என்று தெரிந்துகொண்ட ஹாரி, ரானிடமும் ஹெர்மயனியிடமும் சொல்லிக்கொள்ளாமல் காட்டை நோக்கி நடக்கிறான். வழியில் ஜின்னி, அடிபட்டுக் கிடக்கும் ஒரு சிறுமியைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். அவளையும் கடந்துபோகிறான். இறந்துபோன அப்பா, அம்மா, ஞானத்தந்தை சிரியஸ், ஆசிரியர் லூபின் நால்வரும் நிழல்போலக் கூட வர, சாவது வலிக்குமா என்று கேட்கிறான். ஏழு புத்தகங்களில் அவன் இவ்வளவு சின்னப் பையனாகவும் இவ்வளவு பெரிய மனிதனாகவும் தெரிந்த இடம் வேறு இல்லை. தன்னைக் காப்பாற்றிச் செத்த டாபி என்ற குட்டிப் பணியாளுக்கு மந்திரக்கோலைத் தொடாமல் மண்வெட்டியால் குழி தோண்டும் காட்சியும் இதே தரம்தான்.

ஆனால் மறுநாள்? புத்தகம் 19 ஆண்டுகள் தாவி, ரயில் நிலையத்தில் பிள்ளைகளை வழியனுப்பும் பெற்றோரைக் காட்டி முடிகிறது. ஹாரி என்ன வேலை செய்கிறான் என்பதுகூடப் புத்தகத்துக்குள் இல்லை. நெவில் ஆசிரியராகிவிட்டான் என்று மட்டும் போகிற போக்கில் தெரிகிறது. இடிந்துபோன பள்ளியை யார் கட்டினார்கள்? அநாதையான லூபினின் மகன் டெடி யார் கையில் சோறு உண்டு வளர்ந்தான்? போரில் செத்த இரட்டைச் சகோதரன் ஃப்ரெட் இல்லாமல் ஜார்ஜ் எப்படிக் கடையைத் திறந்தான்? துக்கம் ஆறிய காலம் முழுவதையும் கதை தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்கு நிம்மதியான முடிவுதான், மறுக்கவில்லை. அந்த நிம்மதி எப்படி வந்தது என்பதைத்தான் காணோம்.

லூயிஸ் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறார். அவருடைய முதல் பாதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஷிஃப்ட் என்ற குரங்கு ஒரு கழுதைக்குச் சிங்கத்தோலைப் போர்த்தி, இருட்டில் தூரத்தில் நிறுத்திக் காட்டி, நார்னியாவைப் படைத்த சிங்கமான அஸ்லானின் பெயரால் அந்த நாட்டையே ஆட்டிப்படைக்கிறது. மோசடி வெளிப்பட்ட பிறகு வருவது அதைவிடக் கூர்மையானது: ஒருமுறை ஏமாந்த குள்ளர்கள், இனி உண்மையான அஸ்லானே வந்தாலும் நம்புவதில்லை என்று முடிவுகட்டி, வெட்டவெளி வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு இருட்டு என்கிறார்கள். போலித் தலைமை ஒரு நாட்டை என்ன செய்யும் என்பதைப் பிள்ளைகளுக்கு இவ்வளவு எளிமையாகச் சொன்ன கதை குறைவு. அந்த ஆண்டின் கார்னகி பதக்கம் இதற்குத்தான் கிடைத்தது.

அப்புறம்தான் சிக்கல். நார்னியா அழிகிறது. நாயகர்கள் எல்லோரும் இங்கிலாந்தில் ஒரு ரயில் விபத்தில் முன்பே இறந்துவிட்டார்கள் என்று தெரிகிறது. நமக்குத் தெரிந்த உலகம் வெறும் நிழல், நிஜமான கதை இப்போதுதான் தொடங்குகிறது என்று முடிக்கிறார் லூயிஸ். முன்பு நார்னியாவின் அரசியாக இருந்த சூசன் மட்டும் அங்கே இல்லை. உதட்டுச் சாயத்திலும் விருந்து அழைப்புகளிலும் மனம் போனதால் அவள் இனி நார்னியாவின் தோழி இல்லையாம். அண்ணன், தம்பி, தங்கை, பெற்றோர் அத்தனை பேரையும் ஒரே நாளில் பறிகொடுத்த பெண்ணுக்குக் கதையில் ஒரு வரி ஆறுதல் இல்லை. அவள் திருந்த இன்னும் காலமிருக்கிறது என்று லூயிஸ் பிற்பாடு ஒரு கடிதத்தில் எழுதினார். அது புத்தகத்தில் இருந்திருக்க வேண்டும். மறுநாள் காலை எழுந்து வாழவேண்டிய ஒரே ஆள் சூசன்தான், அவளைத்தான் கதை கைவிட்டது.

புல்மன் இந்த முடிவின்மேல் கொண்ட கோபம் ஊரறிந்தது. 1998இல் நார்னியாவைக் கடுமையாகத் தாக்கிக் கட்டுரையே எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஆம்பர் ஸ்பைகிளாஸை அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாகப் படிக்கலாம். பிரிட்டனின் விட்பிரெட் விருதில் ‘ஆண்டின் சிறந்த நூல்’ என்று தேர்வான முதல் சிறார் நூல் அது. அதன் நாயகி லைராவும், வேறோர் உலகத்துப் பையன் வில்லும் இறந்தவர்களின் உலகத்துக்குள் இறங்கும் பகுதிதான் அதன் உயிர். அங்கே காவல் இருக்கும், பெண்முகப் பறவைகளான ஹார்ப்பிகளிடம் லைரா வழக்கம்போல ஒரு புளுகுமூட்டையை அவிழ்க்கிறாள். அவை பாய்ந்து பிறாண்டுகின்றன. பிறகு, ஆக்ஸ்ஃபர்டில் களிமண் குழிகளில் ஊர்ப்பிள்ளைகளோடு சண்டை போட்ட சின்ன வயதுக் கதையை உள்ளபடி சொல்கிறாள். மண்ணின் வாசனை, வெயில், ஆறு எல்லாம் அதில் வருகின்றன. செத்தவர்கள் கூடி நின்று கேட்கிறார்கள். ஹார்ப்பிகளும் அசையாமல் கேட்கின்றன. இனி இங்கே வருகிறவர்கள் தாங்கள் வாழ்ந்த கதையை உண்மையாகச் சொன்னால் வெளியே வழி காட்டுவோம் என்று ஒப்பந்தமாகிறது. கண்டு, கேட்டு, தொட்டு வாழு. சொல்வதற்குக் கதை வேண்டும். நார்னியாவுக்கு இதைவிட அழகான மறுமொழி கிடையாது.

காதலித்த இருவரும் பிரிந்து, அவரவர் உலகத்தில் அவரவர் வேலையைச் செய்ய வேண்டும் என்பது முடிவு. ஆண்டுக்கொரு முறை, ஆக்ஸ்ஃபர்டு தாவரவியல் பூங்காவின் அதே பெஞ்சில், இரண்டு உலகங்களில் தனித்தனியே உட்காருவார்கள். படித்தவர் யாருக்கும் மனம் கனக்கும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தப் பிரிவு வெளியிலிருந்து வருகிறது. உலகங்களுக்கு நடுவே உள்ள சன்னல்களை மூடியாக வேண்டும், ஒன்றே ஒன்றைத்தான் திறந்து வைக்கலாம் என்ற விதி கடைசி சில அத்தியாயங்களில் ஒரு தேவதை வாயிலாக வருகிறது. அந்த ஒன்றை இறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்தது அவர்கள் பெருமை. ஆனால் அவர்களை அந்த மூலைக்குத் தள்ளியது ஆசிரியரின் கை. அந்தக் கை எனக்குத் தெரிகிறது.

அந்தக் கை தெரியாத இடம் ‘தி ஹை கிங்’. நான்கில் நம் ஊரில் மிகக் குறைவாகப் படிக்கப்பட்டது இதுதான் என்று நினைக்கிறேன். வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளை எடுத்துக்கொண்டு அமெரிக்கரான அலெக்சாண்டர் எழுதிய ஐந்து பாகப் பிரிடெய்ன் தொடரின் முடிவு. 1969இல் நியூபெரி பதக்கம் பெற்றது. நாயகன் டாரன், பன்றி மேய்ப்பவனுக்கு உதவியாள். அப்பா அம்மா யாரென்று தெரியாதவன். இழப்புகளை அலெக்சாண்டர் மறைப்பதில்லை. கொட்டும் பனியில் எல்லோரும் விறைத்துச் சாகும் நிலையில், ஃப்ளெவ்டர் என்ற பாணர் தன் யாழை முழங்காலில் வைத்து உடைத்து நெருப்பில் போடுகிறார். அவர் பெருமைக்காகப் பொய் சொல்லும்போதெல்லாம் நரம்பு அறுந்து காட்டிக்கொடுத்துவந்த அதே யாழ். விடியும்வரை அது எரிந்தபடியே இசைக்கிறது. நான்கு நூல்களிலும் எனக்கு மிக நெருக்கமான பக்கம் இது.

போருக்குப் பிறகு மாய சக்தி உள்ளவர்கள் அனைவரும் துன்பமோ சாவோ இல்லாத ஒரு நாட்டுக்குக் கப்பலேறுகிறார்கள். டாரனுக்கும் இடம் உண்டு. அவன் விரும்பும் ஐலன்வியும் அங்கேதான் போகிறாள். ஓர் இரவு முழுக்க யோசித்துவிட்டு, வரவில்லை என்கிறான். செத்துப்போன ருன் அரசன் பாதியில் விட்ட கடல்சுவரை எழுப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். பாழ்பட்ட நிலத்தைத் திரும்ப விளையவைக்க வேண்டும். பண்ணையில் கூடவே வாழ்ந்து போரில் செத்த கோலின் தோட்டம் கிடக்கிறது. தான் அரசனாகப்போவது அப்போது அவனுக்குத் தெரியாது. ஐலன்வி தன் மந்திர சக்தியைத் துறந்து கூடவே தங்குவாள் என்பதும் தெரியாது. எல்லாவற்றையும் இழக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேதான் முடிவெடுக்கிறான். லூயிஸ் பரிசாகக் கொடுத்த சொர்க்கத்தை இவன் வேலை பாக்கி இருக்கிறது என்று திருப்பிக் கொடுக்கிறான். அதுவும் புல்மனுக்கு 32 ஆண்டுகள் முன்னால், ஒரு தேவதையும் வந்து விதி சொல்லாமல்.

பிள்ளைக்கு வாங்கித் தருவதானால் வயதும் பார்க்க வேண்டும். பத்துப் பதினோரு வயதுக்கு அலெக்சாண்டர் சரியாக வரும். புல்மனுக்குப் பதினான்காவது ஆகட்டும். அதற்கு முன்னால் அந்தப் பிரிவின் பாரம் பாதிதான் புரியும். லூயிஸைக் கொடுத்தால் சூசனைப் பற்றிப் பேச நீங்களும் பக்கத்தில் இருங்கள். பாட்டரை நாம் கொடுக்கத் தேவையே இல்லை, அதுவே பிள்ளைகளைத் தேடி வந்துவிடும். ஹை கிங்கை மட்டும் நேராக எடுத்துவிடாதீர்கள். நான்காம் பாகமான ‘டாரன் வாண்டரர்’ அவசியம். டாரன் ஊர் ஊராகப் போய் இரும்படிக்கவும் தறி நெய்யவும் பானை வனையவும் கற்றுக்கொள்வது அதில்தான். பானை வனையக் கற்றுத் தந்த அன்லாவைத் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான், கடைசிப் பாகத்தில் அவர் சாவதும், அவன் அந்த மண்ணைவிட்டுப் போக மறுப்பதும் உறைக்கும்.