ஆட்டுக்கறி வாங்கப் போறவங்க பார்த்து வாங்குங்க, எனக்கு 3,600 ரூபாய் போச்சு

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் திறந்தவெளிச் சந்தையில் கறி எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயர் போடவில்லை. மீன் கடைகளை ஒட்டிய தகரக் கொட்டகைக் கறிக்கடை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று நாலு கிலோ கேட்டேன். 3,600 ரூபாய். கொக்கியில் தொங்கிய தொடையைக் காட்டினேன். "அது வெயில் பட்டது தம்பி. உள்ள ஐஸ்ல உங்களுக்குன்னு நல்லதா வச்சிருக்கேன், காலையில அறுத்தது" என்றார். அப்பா காலத்திலிருந்து வாங்கும் கடை. எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாரே என்று மனசு குளிர்ந்து போனது. ஈரலில் ஒரு துண்டு கொசுறு வேறு.

வீட்டில் பையைப் பிரித்தால் ஈரலில் மீன் செதில் ஒட்டியிருக்கிறது! கறி விரலில் பிசுபிசுக்கிறது, புளித்த வாடை. திரும்பப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்ன ஐஸ், மீன் வந்த தெர்மாகோல் பெட்டி. ஐஸ் முழுக்கக் கரைந்து, சிவந்த தண்ணீரில் கறி மிதக்கிறது.

"மஞ்சள் போட்டு ரெண்டு அலசு அலசி நல்லா வேக வைங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். கொதித்தால் சால்மோனெல்லா, ஈ.கோலை மாதிரிக் கிருமிகள் சாகும், சரி. ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி கறியில் பெருகி விட்டுவைத்த நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது. அதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "ஊரே வாங்கிட்டுப் போகுது, உங்களுக்கு மட்டும் நாறுதா?" அப்புறம் "சாயங்காலம் வாங்க". சாயங்காலம் கடை பூட்டு, போன் சுவிட்ச் ஆஃப். சந்தைக் குத்தகைக்காரர், "வசூல் மட்டும்தான் நம்ம வேலை" என்று முடித்துக்கொண்டார். வந்தவர்களுக்கு முட்டைக் குழம்பு. 3,600 ரூபாய்க் கறியைக் குழி தோண்டிப் புதைத்தேன்.

தொங்குவதில் உங்கள் கண்முன் வெட்டச் சொல்லுங்கள், கறியில் ஆட்டுத் தொட்டி (ஆடு அறுக்கும் கூடம்) சீல் இருக்கிறதா பாருங்கள். பெட்டிக்குள்ளிருந்து எடுத்தால் வேண்டாம். கோழிக்கும் ஆட்டுக்கும் ஒரே கட்டை, ஒரே கத்தி என்றாலும் வேண்டாம். நம்ம ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் கிருமி தெறித்து மற்ற பாத்திரத்திலும் ஒட்டும். காசு கொடுக்கும் முன்பே பையை முகர்ந்து பாருங்கள்.

3,600 இன்னும் வரவில்லை. நாளை உணவுப் பாதுகாப்புத் துறையில் எழுதிக் கொடுக்கப் போகிறேன், அந்தப் பெட்டியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.