நிலா உதயச் செயலி: ஒன்றிலிருந்து நான்கு நட்சத்திரத்துக்கு

போன மாதம் இந்தச் செயலிக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, "நேரம்கூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லை" என்று காட்டமாக எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தப்பில் பாதி என்னுடையது.

எனக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். இடைவேளையில் மாடிக்குப் போய் நின்றால் ஒரு நாள் நிலா கிழக்கே நன்றாகத் தெரியும். நாலு நாள் கழித்து அதே நேரத்துக்குப் போனால் ஆளையே காணோம். எப்போது வரும், எப்போது போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் இதை இறக்கினேன். ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுத்தால் முழு மாதத்துக்கும் ஒரே பட்டியல் வரும்: நிலா உதயம், மறைவு, திசை, ஒளி பெற்ற பகுதி எத்தனை சதவீதம், பக்கத்தில் சின்னதாக ஒரு பிறைப் படம். அவ்வளவுதான். ஜாதகம், ராசிபலன் எதுவும் இல்லை. அதற்கே முதல் நட்சத்திரம்.

முதல் சண்டை கோட்டில் ஆரம்பித்தது. 14ஆம் தேதி நிலா உதயம் இரவு 11:41. 16ஆம் தேதி 12:29. நடுவில் 15ஆம் தேதிக்கு நேரே வெறும் கோடு! ஏதோ பழுது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது. நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. 14ஆம் தேதி நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் உதித்தால், அடுத்த உதயம் 15ஆம் தேதியைத் தாண்டி, 16ஆம் தேதி பிறந்த பிறகுதான். அது 12:29 பகல் அல்ல, நள்ளிரவுக்குப் பின். ஆக 15ஆம் தேதிக்கு உதயமே கிடையாது. தேய்பிறையில் அரை நிலா நள்ளிரவை ஒட்டி உதிப்பதால் இந்தக் கோடு எப்போதும் அந்தப் பக்கத்தில்தான் விழும். வளர்பிறை அரை நிலா நள்ளிரவை ஒட்டி மறைவதால், மாதக் கடைசியில் மறைவுப் பத்தியிலும் ஒரு கோடு இருந்தது. இரண்டுமே சரி. கோட்டைத் தொட்டால் "இன்று உதயம் இல்லை, அடுத்தது நாளை 12:29" என்று ஒரு வரி வந்தால் என் போன்றவர்கள் திட்டியிருக்க மாட்டோம்.

இரண்டாவது சண்டை பெரியது. 8ஆம் தேதியைச் சுற்றிப் பௌர்ணமி என்று வட்டம் போட்டிருந்தது, உதயம் மாலை 6:49. மகளைக் கூட்டிக்கொண்டு 6:45க்கே மாடிக்குப் போய் கிழக்கே பார்த்து நின்றோம். 6:49 ஆயிற்று, 7 ஆயிற்று. "ம்மா, உன் போன்ல வந்துடுச்சு, வானத்துலதான் வரல" என்றாள். 7:28க்கு எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு விளிம்பு தெரிந்தது. 39 நிமிடம்! கீழே இறங்கிய வேகத்தில்தான் அந்த ஒரு நட்சத்திரத்தைப் போட்டேன்.

செயலி சொல்வது தடையே இல்லாத சமமான அடிவானத்துக்கான நேரம். கடலைப் பார்த்து நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலாவின் மேல் விளிம்பு அந்தக் கோட்டைத் தொடும் நொடிதான் அதற்கு உதயம். அடிவானத்தில் காற்று ஒளியை வளைத்து நிலாவை அரை பாகை தூக்கிக் காட்டும். அதையும் கணக்கில் சேர்த்தே நிமிடம் போடுகிறார்கள். அவ்வளவு துல்லியம். ஆனால் அந்த அடிவானம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. எதிர்க் கட்டடம் என் முஷ்டிக்குச் சரியாக இருந்தது. நிலா வானத்தில் மணிக்கு ஏறத்தாழ 14.5 பாகை நகர்கிறது. ஏறக்குறைய செங்குத்தாக எழும் இடத்தில் 10 பாகை ஏற நாற்பது நிமிடம். செயலி பொய் சொல்லவில்லை, கட்டடம் குறுக்கே நின்றது.

சரி, இனிமேல் எல்லா நேரத்தோடும் நாற்பதைக் கூட்டிக்கொண்டால் போதும் என்று முடிவு கட்டினேன். அதுவும் நிலைக்கவில்லை. 14ஆம் தேதி, 11:41க்கு உதயம், 12:20க்குப் போனால் போதும் என்று இருந்தேன். துணி எடுக்க 11:52க்கு மாடி ஏறினால், இடது பக்கம் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்தில் நிலா ஏற்கெனவே எட்டிப் பார்க்கிறது. பாதிதான், மஞ்சள் நிறத்தில். அப்போதுதான் பட்டியலில் நான் கண்டுகொள்ளாமல் விட்ட திசைப் பத்தியைப் பார்த்தேன். 8ஆம் தேதி 88, அன்றைக்கு 62. வடக்கிலிருந்து வலஞ்சுற்றாக எண்ணும் பாகை அது, 90 என்றால் நேர்க் கிழக்கு. உதிக்கும் இடம் வடகிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடையே போய்த் திரும்ப 27 நாளுக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. சூரியன் ஒரு வருடத்தில் நடக்கும் நடையை நிலா ஒரு மாதத்தில் நடந்து முடிக்கிறது. அந்த வீச்சும் நிலையானதில்லை, 18.6 வருடத்துக்கு ஒரு முறை விரிந்து சுருங்கும். அது கடைசியாக உச்சத்துக்குப் போனது 2024–25இல். ஆக, சேர்க்க வேண்டிய நிமிடம் திசைக்குத் திசை மாறும். இப்போது என் நோட்டில் 60 பாகையிலிருந்து 120 வரை பத்துப் பத்தாகப் பிரித்து, எங்கே எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். இதற்குப் பிறகு செயலி ஒரு நாள்கூட என்னை ஏமாற்றவில்லை.

மறைவு நேரம் வேறு கதை. மேற்கில் எனக்கு மறைப்பு இல்லை, ஆனாலும் பட்டியலில் போட்டதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே தூசிமூட்டத்தில் கரைந்துவிடுகிறது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

உண்மையான குறைகளுக்கு வருகிறேன். பௌர்ணமி வட்டம் தேதிக்குப் போடப்படுகிறது, மாலைக்கு அல்ல. அந்த மாதம் பௌர்ணமிக் கணம் 8ஆம் தேதி அதிகாலை 1:12. அப்படியானால் 7ஆம் தேதி மாலை நிலாதான் அதற்கு நெருக்கம். அன்று உதயம் 6:01, சூரியன் மறைந்தது 6:14. வெளிச்சம் இருக்கும்போதே எழும் முழு நிலாவைப் பார்க்க வேண்டியது அன்றுதான், நாங்கள் மறுநாள் இருட்டில் போய் நின்றோம். கணத்தின் நேரம் எங்கேயோ மூன்றாவது திரையில் ஒளிந்திருக்கிறது.

அடுத்தது படம். வளர்பிறையை எப்போதும் வலது பக்கம் ஒளிர, நட்டுவைத்த அரிவாள் மாதிரி வரைகிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு மாலைப் பிறை பெரும்பாலும் படகு போலச் சாய்ந்திருக்கும். நகரத்தை சிட்னி என்று மாற்றிப் பார்த்தேன். நேரமெல்லாம் மாறியது, படம் அப்படியே இருந்தது! தென் அரைக்கோளத்தில் வளர்பிறை இடது பக்கம் அல்லவா ஒளிரும்?

சதவீதத்தையும் நம்பி வழி நடக்காதீர்கள். 50% என்பது ஒளி பெற்ற பரப்பு, வெளிச்சம் அல்ல. அரை நிலாவின் வெளிச்சம் முழு நிலாவினுடையதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான், பள்ளங்களின் நிழல் அவ்வளவு தின்றுவிடுகிறது. 30ஆம் தேதி டார்ச் இல்லாமல் போய் கால் இடறியவள் சொல்கிறேன்.

சூப்பர் நிலா நோட்டிஃபிகேஷனை முதல் நாளே அணைத்துவிடுங்கள். மிக அருகில் வரும் நிலாவுக்கும் மிகத் தொலைவில் இருக்கும் நிலாவுக்கும் அகலத்தில் 14% வித்தியாசம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், தனியாக வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

எனக்கு அதிகம் பயன்பட்டது, நான் எதிர்பார்க்காத மறைவுப் பத்திதான். 25ஆம் தேதி 10%, மறைவு இரவு 8:20. ஏழு மணிக்கு மகளைக் கூப்பிட்டு பைனாகுலரைக் கையில் கொடுத்தேன். கீற்றைப் பார்த்துவிட்டு, "மிச்ச நிலாவும் தெரியுதும்மா, சாம்பல் கலர்ல" என்றாள். பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி அது. லியோனார்டோ டா வின்சி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டார். இவள் அதை நம்பாமல் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்தாள்.

நான்கு நட்சத்திரம். ஐந்தாவது, அந்தப் படத்தைத் திருப்பிப் போட்ட பிறகு. அடுத்த மாதக் கோடு 14ஆம் தேதிக்கு வந்திருக்கிறது, அன்றைக்கு எனக்கு இரவு ஷிஃப்ட்.