சேர்ந்து வாழ்ந்து பார்ப்பதா, நிச்சயம் பண்ணிக் காத்திருப்பதா, பதிவை முடித்துவிட்டுக் குடிபோவதா?

கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்து வாழலாமா என்ற பேச்சு நம் பக்கத்தில் எடுத்த எடுப்பிலேயே ஒழுக்கத்தில் போய் முட்டிக்கொள்ளும். பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உதட்டைப் பிதுக்குவார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். நான் அந்தப் பக்கம் போகவில்லை. மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று இந்த ராமநாதபுரம் கரையில் வளர்ந்த ஒருவருக்கு நிஜத்தில் எத்தனை வழி இருக்கிறது, சரிப்பட்டு வராவிட்டால் எந்த வழியில் யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்று மட்டும் பார்ப்போம்.

பெண் பார்த்து, ஜாதகம் பார்த்து, வருகிற முகூர்த்தத்தில் தாலி கட்டுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதில் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும் வேலை கல்யாணத்துக்குப் பிறகுதான் தொடங்கும். அத்தை மகனையோ மாமன் மகளையோ கட்டிய காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை; ஆள் எப்படி, கோபம் எப்படி, அப்பா அம்மாவை எப்படி நடத்துகிறார் எல்லாம் சின்ன வயசிலிருந்தே தெரிந்த கதை. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்குப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி இப்போது அந்த வழக்கம் குறைகிறது. நல்லதுதான். ஆனால் சொந்தம் போன இடத்தில் மேட்ரிமோனி பயோடேட்டா வந்து உட்கார்ந்திருக்கிறது. சம்பளம், உயரம், சொந்த வீடு எல்லாம் அதில் இருக்கும், கோபம் இருக்காது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சேர்ந்து வாழ்வது என்பது இந்தக் கரையில் கல்யாணமானவர்களுக்கே அரிதாகக் கிடைப்பது. சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போன மாப்பிள்ளை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் வந்தால், பத்து வருஷத் தாம்பத்தியத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தது பத்து மாதம். கடலுக்குப் போகிறவர் வீட்டில் அவ்வளவு மோசம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் வீட்டில்தான் இருப்பார். அந்த இரண்டு மாதத்தில்தான் சண்டையும் ஜாஸ்தி என்று தங்கச்சிமடத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கையில் காசில்லாத நேரம் வேறு.

அடுத்தது நிச்சயம் பண்ணி ஆறு மாதம், ஒரு வருஷம் காத்திருப்பது. கிறிஸ்தவக் குடும்பங்களில் இதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. திருமணத் தயாரிப்பு வகுப்பு, கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பு, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்ற அறிவிப்பு. மற்றவர்களுக்கு இந்தக் காத்திருப்பு முழுக்க போனிலேயே ஓடிவிடுகிறது. ராத்திரி பதினொரு மணிக்குப் பேசினால் எல்லோரும் நல்லவர்கள்தான். போனில் தெரியாத விஷயம் எது என்று கேட்டால், நான் தண்ணி வண்டியைச் சொல்வேன். நம் ஊர்ப் பக்கம் குடம் உட்காரத் தோதாக வட்டம் வெட்டிய தள்ளுவண்டி பார்க்காதவர் இருக்க மாட்டார். காவிரிக் குழாயில் தண்ணீர் வருகிற அன்றைக்குக் காலையில் அதைத் தள்ளிக்கொண்டு போவது யார், திரும்பி வரும்போது மணலில் சக்கரம் புதைந்தால் கூப்பிட்ட குரலுக்கு வீட்டிலிருந்து எழுந்து வருவது யார்? ஒரு வீட்டில் வேலை எப்படிப் பங்காகிறது என்பது அந்த ஒரு வண்டியிலேயே தெரிந்துவிடும். ஒரு வருஷம் போனில் கொஞ்சினாலும் இது தெரிய வராது. நிச்சயமான பிறகு பெண் அந்த வீட்டுக்கு இரண்டு மூன்று முறை சும்மா போய்வரவாவது விட்டால் பாதி தெரிந்துவிடும். விடமாட்டார்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பார்கள்.

அதே நாலு பேருக்குப் பயந்துதான் நிச்சயத்தை முறிக்கவும் ஆள் இருக்காது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று என்று பொருந்தாத இரண்டு பேரை மேடை ஏற்றிய கதை ஊருக்கு ஊர் இருக்கிறது. நிச்சயக் காலத்தைச் சோதனைக் காலம் என்று சொல்ல வேண்டுமானால் வேண்டாம் என்று சொல்லவும் அதில் இடம் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த இடம் இல்லை.

கீழக்கரை இதில் தனி ரகம். அங்கே பழைய மரைக்காயர் குடும்பங்களில் நிக்காஹ் முடிந்து பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு என்று கொடுக்கப்பட்டது. ஆள் சரியில்லை என்று தெரிந்தால் பெட்டியைத் தூக்க வேண்டியது அவர், அவள் அல்ல. சேர்ந்து வாழ்ந்து பார்ப்பதில் பெண்ணுக்கு எந்தப் பாதுகாப்பு வேண்டும் என்று சட்டப் புத்தகங்கள் தேடிக்கொண்டிருக்கிறதோ அது இந்த வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. ஓசியில் வரவில்லை. இரண்டு மூன்று பெண்ணைப் பெற்ற அத்தா, ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுக்கத் தன் ஆயுளையே வெளிநாட்டில் கரைத்திருப்பார்.

இப்போது லிவிங் டுகெதருக்கு வருவோம். ஊருக்குள் யாரும் செய்ய முடியாது, சென்னையிலோ பெங்களூரிலோதான். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம்: வயது வந்த இருவர் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் குஷ்பு வழக்கில் 2010இலேயே சொல்லிவிட்டது. உத்தரகாண்டில் 2025 முதல் இப்படி வாழ்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் அப்படி ஒன்றும் இல்லை. பிறக்கும் பிள்ளைகளை நீதிமன்றங்கள் கைவிடுவதில்லை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணம் போன்ற உறவில் இருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்பு தருகிறது.

சிக்கல் அந்த ‘திருமணம் போன்ற’ என்பதில்தான். அது எது என்று நம் மாநிலத்திலிருந்து போன வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில், அதே 2010இல், உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இருவரும் கல்யாண வயதை எட்டியிருக்க வேண்டும், வேறு கல்யாணம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் தாங்களாக விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், சமூகத்துக்கு முன்னால் கணவன் மனைவி போல நடந்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனையை நம் ஊர்ப் பிள்ளைகள் இருக்கும் இருப்போடு சேர்த்துப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் கசின் என்று சொல்லியிருப்பார்கள். அம்மா வீடியோ கால் போட்டால் ஒருவர் பால்கனிக்குப் போய்விடுவார். பொங்கலுக்கு ஒரே ரயிலில் வந்து, ஒருவர் ராமநாதபுரத்திலும் மற்றவர் மண்டபத்திலும் இறங்கி, பார்க்காதது போல நடப்பார்கள். ஊருக்குப் பயந்து எவ்வளவு நன்றாக மறைக்கிறார்களோ அவ்வளவுக்குச் சட்டத்தின் முன் நிரூபிக்க ஒன்றும் மிஞ்சாது. வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில், கேஸ் இணைப்பு அவன் பெயரில், பக்கத்து வீட்டுக்காரி சாட்சி சொல்ல வந்தால் “கசின்னுதானே சொன்னாங்க” என்பாள். சேர்ந்து வாழ்வதற்கு எதிராக நான் கேட்ட வாதங்களில் கொஞ்சமாவது கனமுள்ளது இதுதான்.

கடலோரத்துக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. படகு போய் ஆள் திரும்பாவிட்டால் நிவாரணத்துக்கு முதலில் கேட்பது வாரிசு சான்றிதழ். தாசில்தார் கொடுக்கும் அந்தத் தாளில் மனைவி பெயர் வரும், உடன் வாழ்ந்தவள் பெயர் வராது. உடல் கிடைக்காவிட்டால் இறந்ததாகச் சட்டம் ஊகிக்க ஏழு ஆண்டு ஆகும். அத்தனை காலம் அலுவலகம் அலுவலகமாக அலைய மனைவி என்ற தகுதியாவது கையில் வேண்டும்.

சரி, பொருத்தம் பார்க்கவாவது இது உதவுகிறதா? அமெரிக்காவில் இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். முன்பு வந்த ஆய்வுகளில், சேர்ந்து வாழ்ந்துவிட்டுக் கட்டியவர்களிடையே மணமுறிவு கூடுதலாகத் தெரிந்தது. எந்த வயதில் சேர்ந்து குடிபோனார்கள் என்று பார்த்தால் அந்த வித்தியாசம் பெருமளவு கரைகிறது என்று பிறகு சிலர் காட்டினார்கள். எனக்குப் பயனுள்ளதாகப் படுவது டென்வர் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஸ்டான்லியும் கலேனா ரோட்ஸும் சொல்வது: யோசித்து முடிவெடுத்துக் குடிபோகிறவர்களைவிட, வாடகை மிச்சம், போக்குவரத்து மிச்சம் என்று அப்படியே சேர்ந்துவிடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. ஃபிரிட்ஜ், கட்டில், இஎம்ஐ என்று சேரச் சேரப் பிரிவது கஷ்டமாகி, சரிவராது என்று தெரிந்தும் கல்யாணத்தில் போய் நிற்பார்கள். அச்சடித்த பத்திரிகைக்காக மேடை ஏறும் நம் ஜோடிகளுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பையன் தரப்பிலும் பயம் உண்டு. கட்டிக்கொள்ளும் எண்ணமே இல்லாமல் கட்டுகிறேன் என்று ஏமாற்றி உறவு கொண்டால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆவது பிரிவில் பத்தாண்டு வரை சிறை. உண்மையாக நினைத்து, பின்னால் மனம் ஒப்பாமல் பிரிந்தால் அது வேறு என்றுதான் நீதிமன்றங்கள் சொல்கின்றன. ஆனால் அதை நீதிமன்றம் வரை போய்த்தான் நிரூபிக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது முதலில் பதிவு, அப்புறம் குடித்தனம், ஊரறியக் கல்யாணம் பின்னால். இந்துக்கள் இருவர் என்றால் ஐயர் வேண்டாம், மண்டபம் வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் அண்ணா ஆட்சியில் வந்த 7ஏ பிரிவின்படி உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டு, கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று சொன்னால் போதும். ஊரைக் கூட்ட வேண்டிய அவசியமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். மதம் வேறு என்றால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். சின்ன ஊரில் அந்த ஒரு தாள் மூன்றாம் நாளே வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்பதால், இருவரில் ஒருவர் 30 நாள் குடியிருந்த வேறு மாவட்டத்தில் மனு போடுகிறவர்கள் உண்டு. மிரட்டல் இருந்தால் சாதி கடந்து மணப்பவர்களுக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டதை வைத்து எஸ்.பி. அலுவலகத்தை அணுகலாம்.

யார் யாரோடு வாழ்வது என்பது இந்த மண்ணில் ஊர் விவகாரமானது இன்று நேற்றல்ல. கிறிஸ்தவராகி ஞானஸ்நானம் பெற்ற மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிக்கு உறவு. அந்தக் கோபம் 1693இல் ஓரியூரில் பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை விழுவதில் போய் முடிந்தது.

பதிவு வழியின் குறை வெளிப்படை: இது சோதித்துப் பார்ப்பது அல்ல, கல்யாணமேதான். சரிவராவிட்டால் விவாகரத்து வழக்கு. பரஸ்பர சம்மதத்தோடு என்றாலும், மனு போடும் முன் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இருவரும் சம்பாதித்து, வெளியூரில் இருந்து, ஒரு பக்க வீட்டுக்காவது விஷயம் தெரிந்திருந்தால் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பதை ஆதரிப்பேன். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயர், தனித்தனி வங்கிக் கணக்கு, ஒரு வருஷத்துக்குள் முடிவு. யாருக்குமே சொல்ல முடியாத நிலைமை என்றால் பெண்ணிடம் பதிவை முடித்துவிட்டுப் போ என்பேன்; ஒளிந்து வாழ்ந்தாலும் சார்பதிவாளர் முத்திரை போட்ட தாள் கையில் இருக்கும். ஊரிலேயே இருக்கப்போகிறவர்களுக்கு நிச்சயக் காலம்தான். அதிலும் மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதைக் கடைசி இரண்டு மாதம் வரை தள்ளிப்போடச் சொல்வேன். தடைக்காலத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு நடை, தண்ணீர் வரும் அன்றைக்குக் காலையில்.