வாவியோரத்து வட்டாரம் கோணலா? மூன்று அளவைகளை வைத்து ஓர் அலசல்

2018 பெப்ரவரியில் இலங்கையில் வட்டார முறையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்த பிறகு, வட்டார எல்லையைப் பற்றிய பேச்சு எங்கள் பக்கத்துத் தேநீர்க்கடை வரை வந்துவிட்டது. “வேணுமென்றே நெளித்து வெட்டியிருக்கிறார்கள்” என்று ஒருவர் சொல்வார், “கிராமம் அப்படித்தானே கிடக்கிறது” என்று இன்னொருவர் மறுப்பார். இப்படிக் கண்ணால் பார்த்துச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். எண்ணாகச் சொன்னால் உட்கார்ந்து பேசலாம். எல்லைக் கோப்பைப் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபடத் தரவுத்தளத்தில் ஏற்றினால், வடிவம் எவ்வளவு கச்சிதம் என்பதற்கு இரண்டு வரி வினவலில் ஓர் எண் கிடைத்துவிடும். 1க்குக் கிட்ட இருந்தால் கச்சிதம், 0க்குக் கிட்ட இருந்தால் கோணல். ஆனால் எந்த அளவையை எடுப்பது என்பதில், மட்டக்களப்பு போன்ற ஓரிடத்தில், தீர்ப்பே மாறிவிடுகிறது.

மிகவும் பழக்கமானது போல்ஸ்பி–பொப்பர் அளவை, 1991இல் வந்தது. பரப்பை 4π ஆல் பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். வட்டத்துக்கு 1 வரும், சதுரத்துக்கு 0.785. அதற்கு முப்பது வருடம் மூத்தது ரியோக் அளவை. தொகுதியை முழுக்க அடக்கும் மிகச் சிறிய வட்டத்தை வரைந்து, அதில் எவ்வளவைத் தொகுதி நிரப்புகிறது என்று பார்ப்பது. மூன்றாவதற்கு, தொகுதியைச் சுற்றி ஓர் இறப்பர் பட்டியை இழுத்து மாட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். பட்டிக்குள் அகப்பட்ட பரப்பில் தொகுதியின் பங்கு எவ்வளவு என்பதே அந்த அளவை.

இப்போது காத்தான்குடியிலிருந்து கல்லாறு வரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓடும் நிலத்தை நினையுங்கள். அங்கே ஒரு வட்டாரம் நீளமாகத்தான் அமையும். ஒரு கிலோமீற்றர் அகலம், பத்துக் கிலோமீற்றர் நீளம் என்று ஒரு நேர்த்தியான செவ்வகத்தையே எடுத்துக் கணக்கிட்டால் போல்ஸ்பி–பொப்பர் 0.26 தருகிறது, ரியோக் 0.13 தருகிறது, இறப்பர் பட்டி முழுசாக 1 தருகிறது. வடிவம் ஒன்றே, தீர்ப்பு மூன்று. எவரும் தில்லுமுல்லு செய்யாத ஒரு செவ்வகத்துக்கு 0.13 போடும் அளவையை எங்கள் கரையோரத்தில் தனியாக நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு நேர்மாறான குறையும் அதில் இருக்கிறது: பாம்பு போல நெளிந்த தொகுதி ஒன்று வட்டத்துக்குள் இறுக்கமாகச் சுருண்டு கிடந்தால் ரியோக் நல்ல எண்ணே போடும்.

போல்ஸ்பி–பொப்பரின் சிக்கல் இன்னும் ஆழமானது. அது சுற்றளவை வர்க்கப்படுத்துகிறது. வாவிக்கரையின் சுற்றளவோ ஒரு நிலையான எண்ணே அல்ல. கண்டல் மரங்களுக்குள் புகுந்து வளையும் கரையைப் பெரிய அளவுத்திட்ட வரைபடத்தில் வரைந்தால் கோடு நீளும், சின்னதில் வரைந்தால் குறுகும். பரப்பு அநேகமாக மாறாது. செய்மதிப் படத்திலிருந்து எல்லையைத் தானாகப் பிரித்தெடுத்திருந்தால் இன்னும் மோசம், சாய்வான கோடுகள் படிக்கட்டுகளாகிவிடும். 45 பாகை சாய்வாக நிற்கும் ஒரு சதுரத்தின் நான்கு பக்கமும் அப்படிப் படிக்கட்டானால் சுற்றளவு 1.41 மடங்காகும், 0.785 என்ற எண் சரிபாதியாக விழும். நிலத்தில் ஒரு வேலிக்கட்டை கூட நகரவில்லை! இரண்டு வட்டாரங்களை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து, ஒரே அளவுக்கு எளிமையாக்கிய கோடுகளாக இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் எவரையும் குற்றம் சாட்டாதீர்கள்.

நான் செய்வது இதுதான். கரையை மனிதர் வரையவில்லை, அதனால் அதை வழக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன். பக்கத்துப் பக்கத்து வட்டாரங்கள் இரண்டுக்கும் பொதுவான எல்லையை எஸ்டி_இன்டர்செக்ஷன் என்ற போஸ்ட்ஜிஐஎஸ் கட்டளை கொண்டு வெட்டி எடுத்து, அதன் நீளத்தை அதன் இரு முனைகளுக்கும் இடையிலான நேர்த்தூரத்தால் வகுக்கிறேன். 1க்குப் பக்கத்தில் இருந்தால் நேர்க்கோடு. 3, 4 என்று போனால் ஏன் என்று கேட்கலாம். கேட்கலாம் என்றுதான் சொல்கிறேன். கல்முனைப் பக்கம் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் மாறி மாறி வருகின்றன. ஒரு கிராமத்தை இரண்டாக வெட்டாமல் காப்பாற்றவும் கோடு வளையலாம்.

அலகு விஷயத்தையும் சொல்ல வேண்டும். கோப்பு அகலாங்கு, நெட்டாங்குப் பாகைகளில் இருக்கும்போதே வினவலை ஓட்டினால் பரப்பு சதுரப் பாகையில் வரும். ஆனால் இவை எல்லாம் விகிதங்கள் என்பதால் தவறு வெளியே தெரியாது. எங்கள் அகலாங்கில் ஒரு பாகை நெட்டாங்கு, ஒரு பாகை அகலாங்கைவிட ஒரு சதவீதம்கூடக் குறைவில்லை. எண்கள் சரி போலவே இருக்கும். அதையே வடதுருவப் பக்கத்து நாடொன்றுக்கு ஓட்டினால் குப்பை வரும். மீற்றரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு என்ற ஆள்கூற்று முறைக்கு மாற்றிவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம். ரியோக்குக்கு வட்டத்தை வரைந்து பரப்பு எடுக்காமல் எஸ்டி_மினிமம்பவுண்டிங்ரேடியஸ் தரும் ஆரையை வைத்துக் கணக்கிடுங்கள், ஏனென்றால் போஸ்ட்ஜிஐஎஸ் வரையும் வட்டம் உண்மையில் ஒரு பல்கோணம். வித்தியாசம் மிகச் சிறிது, ஆனாலும் சுத்தமாக இருக்கும்.

பட்டிருப்புத் தொகுதியில் மூன்று அளவைகளுமே தடுமாறும். களுவாஞ்சிக்குடி கிழக்கே எழுவான்கரையில், வெல்லாவெளி மேற்கே படுவான்கரையில், நடுவே வாவி. நீரைத் தொகுதிக்குள் சேர்த்தால் ஒரு வடிவம், வெட்டி எடுத்தால் இரண்டு துண்டு. சுற்றளவு எகிறும், இறப்பர் பட்டிக்குள் வெறும் தண்ணீர் நிரம்பும். இங்கே நான் நம்புவது இறப்பர் பட்டி அளவையின் இன்னொரு வடிவத்தை. பரப்புக்குப் பதில் ஆட்களை எண்ணுங்கள்: பட்டிக்குள் வசிப்பவர்களில் எத்தனை பேர் இந்தத் தொகுதிக்காரர்? வாவியிலும் கடலிலும் வாக்காளர் இல்லை, ஆகவே நீர் தானாகக் கழிந்துவிடும். கிராம சேவகர் பிரிவு வாரியான குடித்தொகை கையில் இருந்தால் ஒரு இணைப்பு வினவல் போதும். எங்கள் மாவட்டத்துக்கு ஒரே ஓர் அளவைதான் என்றால் இதையே எடுப்பேன்.

அதற்கும் பாலம் தெரியாது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை அந்தத் துறையில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவிக்கு அப்பாலுள்ள கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக வேண்டியிருந்தது. பாலத்துக்கு முந்திய வரைபடத்துக்கும் பிந்தியதற்கும் இந்த அளவைகள் அத்தனையும் ஒரே எண்ணைத்தான் தரும். அதனால் அட்டவணையில் கடைசி நிரலாக, ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவின் மையத்திலிருந்தும் சபைக் கட்டடம் வரை வீதி வழியான தூரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்.