பார்லர் டீ-டேன்: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கும்?

கோடை விடுமுறை முடிந்ததும், முகூர்த்த மாதங்களிலும் பார்லர்களில் வெயில் கருமையை எடுக்கப் போடும் டீ-டேனுக்குக் கூட்டம் ஏறும். முகம், கழுத்துக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கும். முடித்து வெளியே வரும்போது முகம் பளிச்சென்று இருக்கும், அது நிஜம். வெயிலில் ஏறிய கருப்பு போய்விட்டதா என்றால், இல்லை.

க்ளென்சரால் துடைத்து, ப்ரஷ்ஷால் பேக்கைப் பூசி, 10 முதல் 15 நிமிடம் விட்டு ஈர ஸ்பாஞ்சால் எடுப்பார்கள். பல பேக்குகளில் களிமண், லாக்டிக் அமிலம், அதிமதுரச் சாறு இருக்கும். அமிலம் மேலே கிடக்கும் செத்த செல்களை இளக்கி எடுக்கிறது. நிறமி உண்டாவதோ மேல்தோலின் அடியடுக்கில். அங்கிருந்து செல்கள் மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாள், வயது கூடினால் இன்னும் அதிகம். சில இடங்களில் கூடவே ப்ளீச்சும் போட்டுவிடுவார்கள். அந்த உடனடி வெளுப்பில் பெரும்பங்கு, பெராக்சைடு பூனைமுடியைப் பொன்னிறமாக்குவதுதான்.

வாக்ஸிங் செய்த அன்றே பேக் போடுவதில்தான் அதிகம் சொதப்புகிறது. மேலடுக்கு உரிந்த தோலை அமிலம் சுட்டுவிடும். மாநிறத் தோலில் அந்தத் தழும்பு மாதக்கணக்கில் கருப்பாக நிற்கும். டேன் எடுக்கப் போய் டேனைவிடக் கருப்பு! அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்ற பரு க்ரீம்கள் தடவுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். லேசான குறுகுறுப்பு பரவாயில்லை. எரிந்தால் நேரம் முடியக் காத்திருக்காமல் உடனே கழுவச் சொல்லுங்கள்.

கன்னத்து மங்குக்கும் பின்கழுத்துக் கருமைக்கும் இதையே தலையில் கட்டுவதுதான் மோசம். மங்கு எரிச்சல் பட்டால் கூடும். கழுத்தில் வெல்வெட் போலத் தடித்த கருமை பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அந்தக் காசில் சர்க்கரை டெஸ்ட் எடுக்கலாம்.

அமிலம் பட்ட தோல் ஒரு வாரத்துக்கு வெயிலில் சீக்கிரம் கருக்கும். எஸ்பிஎஃப் 50, பிஏ++++ சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்தில் பூசி, வெளியே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். இதைச் சொல்லி அனுப்பும் பார்லர் குறைவு.

விசேஷத்துக்காக என்றால் நான்கைந்து நாள் முன்னதாக, காதுக்குப் பின்னால் பூசிப் பார்த்துவிட்டு, ப்ளீச் வேண்டாம் என்று சொல்லிச் செய்துகொள்ளலாம். மாதாமாதம் பேக்கேஜ் எடுக்கச் சொன்னால் தேவையில்லை.