தெருவில் வேகம் குறைய: மேடா, குறுக்கலா, மறிப்பா?

ஒரு பிள்ளை மயிரிழையில் தப்பியதும் தெருவில் எழும் கோரிக்கை ஒன்றுதான்: உடனே ஸ்பீடு பிரேக்கர் போடுங்கள். அந்தப் பதைப்பு நியாயமானது. ஆனால் தெருவின் நோய் வேகமா, அல்லது முக்கியச் சாலையின் நெரிசலைத் தவிர்க்க உள்ளே நுழையும் வண்டிகளின் எண்ணிக்கையா என்று தெரியாமல் எதைப் போட்டாலும் காசு வீண்.

இரண்டையும் தெருக்காரர்களே அளக்கலாம். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடு போட்டு, மாடியிலிருந்து கைப்பேசியில் வீடியோ எடுங்கள். அந்த 20 மீட்டரை 2.4 விநாடியில் கடந்தால் வேகம் மணிக்கு 30 கி.மீ.; 1.8 விநாடி என்றால் 40, 1.44 என்றால் 50. முன்னால் வண்டி இல்லாமல் தடையின்றி வந்த 100 வண்டிகளை மெதுவானதிலிருந்து வரிசைப்படுத்தி 85-ஆவதைப் பாருங்கள். சராசரியை நம்ப வேண்டாம். ஆபத்தைக் கொண்டுவரும் வண்டிகள் அதற்குள் ஒளிந்துவிடும். எண்ணிக்கைக்கு, நெரிசல் நேரத்தில் தெருவின் இரு முனையிலும் வண்டி எண்ணின் கடைசி இலக்கங்களைக் குறியுங்கள். ஒரு முனையில் நுழைந்து இரண்டு நிமிடத்துக்குள் மறுமுனையில் வெளியேறியவை பெரும்பாலும் குறுக்குவழிக்காக வந்தவைதான்.

வீட்டுத் தெருவில் அந்த 85-ஆவது வண்டி மணிக்கு 30 கி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. ஏன் 30? பிள்ளை 20 மீட்டர் தூரத்தில் சாலையில் இறங்குகிறது என்று வையுங்கள். பார்த்து, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி. உலர்ந்த சாலையில் 30-இல் வரும் கார் சுமார் 18 மீட்டருக்குள் நின்றுவிடும். 50-இல் வரும் கார், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே அந்த 20 மீட்டரைக் கடந்திருக்கும்.

இனி மேடுகள். திருகாணி போட்டு முடுக்கும் குட்டை ரப்பர் பட்டைதான் மலிவு, ஒரே நாளில் முடிகிற வேலை. தெருவுக்கு அதுவே மோசமான தேர்வும்கூட. மெதுவாக ஏறுபவருக்குத்தான் அது குலுக்கல். வேகமாகப் போனால் டயரும் சஸ்பென்ஷனும் அடியை உள்வாங்கிவிடும், உள்ளே இருப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒழுங்காக ஓட்டுபவருக்குத் தண்டனை, பறப்பவருக்குச் சலுகை. போகப்போகத் திருகாணி கழன்று துண்டு பெயர்ந்தால், இருசக்கர வண்டிக்காரர் விழுவார்.

இதற்கு மாற்றாக பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்ற ஆய்வாளர் 1973-இல் வெளியிட்ட வடிவம்தான் இன்றைய வட்ட முதுகு வேகத்தடைக்கு அடிப்படை: நீளம் 3.7 மீட்டர், உயரம் 75 முதல் 100 மி.மீ. வேகம் கூடக்கூட இதில் குலுக்கலும் கூடும். இன்னொன்று தட்டை மேடை: இரு பக்கமும் 1.8 மீட்டர் சரிவு, நடுவில் 3 மீட்டர் சமதளம். இதில் வேகம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தினால் அதுவே நடப்பவர் கடக்கும் இடமாகிவிடுகிறது, சக்கர நாற்காலி இறங்கி ஏற வேண்டியதில்லை. பள்ளி வாசலுக்கும் பூங்கா வாசலுக்கும் நாங்கள் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

எந்த மேடானாலும் ஒன்றே ஒன்று போட்டால் பயனில்லை. தாண்டியதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவார்கள். 80 முதல் 100 மீட்டருக்கு ஒன்று வேண்டும். ஓரத்தில் மழைநீர் போக இடைவெளி விடுவதிலும் ஒரு சிக்கல்: அது ஒரு சாணுக்கு மேல் அகன்றால் பைக்குகள் எல்லாம் அதற்குள்தான் நுழையும், நடப்பவரை உரசியபடி. உயரத்தைக் கண்ணால் மட்டம் பார்க்காமல், மரப்பலகையில் வடிவத்தை வெட்டி வைத்துச் சரிபாருங்கள். 100 மி.மீ. 120 ஆனாலே காரின் அடிவயிறு இடிக்கும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் ஒவ்வொரு மேட்டிலும் சில விநாடி இழக்கும். அவை வழக்கமாகப் போகும் தெருவில் மேடு வேண்டாம்.

அங்கே பொருந்துவது குறுக்கல், அதாவது வண்டி போகும் அகலத்தைக் குறைப்பது. இரு ஓரமும் மாறிமாறி நீட்டி வண்டியை வளைய வைக்கும் அமைப்பு, எதிரே வண்டி வந்தால்தான் வேலை செய்யும். காலியான தெருவில் நேர்கோடாக வெட்டிப் பறப்பார்கள். ஒற்றை வண்டி அகலத்துக்குக் குறுக்கினால் சைக்கிள்காரர் நசுங்குவார். அவருக்கு ஓரத்தில் 1.5 மீட்டர் தனி வழி அவசியம். பலரும் மறக்கும் எளிய வேலை தெருமுனை: திருப்பத்தின் ஆரத்தை 8 மீட்டரிலிருந்து 4 ஆக்கினால், நுழையும் வண்டி வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். குப்பை லாரியை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எண்ணிக்கைதான் நோய் என்றால் மேடும் குறுக்கலும் அரைகுறைதான். தெருவின் நடுவில் 1.5 மீட்டர் இடைவெளியில் கம்பங்கள் நட்டு, நடப்பவரையும் சைக்கிளையும் விட்டுக் கார்களை மட்டும் மறிப்பதே மருந்து. அவசர வண்டிக்காக ஒரு கம்பம் பூட்டுத் திறந்து கழற்றும்படி இருக்கட்டும். பக்கத்துத் தெருவையும் முன்கூட்டியே அளந்துவையுங்கள்; வண்டிகள் அங்கே திரும்பினால் அவர்களும் இதில் பங்குதாரர்களே. மறிப்புதான் மிக வலுவானது, சண்டையும் அதற்குத்தான் அதிகம்.

அதனால் மண்டபக் கூட்டம் போதாது. பள்ளி விடும் நேரத்தில் வரைபடத்தோடு எல்லோரும் தெருவில் நடந்து பாருங்கள். கூட்டத்துக்கு வராத முதியவர், இரவு வேலைக்காரர், கடைக்காரர் ஆகியோரின் கதவைத் தட்டிக் கேளுங்கள். மேடு எந்த வீட்டெதிரே வருகிறதோ அந்த வீட்டாரின் சம்மதம் தனியாக வேண்டும். காலி லாரி ஏறி இறங்கும் கடகட சத்தம் அவர்களுக்குத்தான். இரண்டு வீட்டு எல்லையில், தெருவிளக்கின் கீழ் வைத்தால் புகார் குறையும்.

கான்கிரீட்டுக்கு முன் ஒத்திகை. சாலைத் துறையின் அனுமதியோடு, குறுக்கலையும் மறிப்பையும் பிரதிபலிப்பான் ஒட்டிய கனமான தொட்டிகளால் ஆறு வாரம் வைத்துப் பாருங்கள். முதல் வாரக் கணக்கை விட்டுவிடுங்கள். புதுமையால் எல்லோரும் மெதுவாகவே போவார்கள். ஆறாவது வாரம், அதே மாடி, அதே நேரம், அதே 20 மீட்டர் கோடு. 85-ஆவது வண்டி இன்னும் 2.4 விநாடிக்கு முன்பே கடந்தால், தொட்டிகளை நகர்த்தி இன்னொரு முறை அளங்கள்.